என்ன

முதலில் கூடையை ஹோலில் வைத்தேன்,
கதவைக் கழற்றிவிட்டு.
பயணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
கறுவா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்
மாநகரசபை ஆள் மாதிரி
அளந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல்.

நான்காம் நாள் சூடை மீன் தலையொன்றை உள்ளே வைத்தேன்.
ஒரு கை மட்டும் போனது. தலை வெளியே வந்தது.
ஏழாம் நாள் முன்பாதி.
ஒன்பதாம் நாள் முழுப் பூனையும்,
வால் மட்டும் வெளியே,
வாடகை பேசிவிட்டு ஒப்பமிடாதவள் போல.

நான் வங்கிக் கணக்காய்வாளர்.
திருகோணமலைக் கிளையில் பதினொரு நாள் வேலை.
மூன்றாம் மாடி ரிஸ்மியாவுக்குப் பூனையென்றால் தும்மல்.
வேறு ஆளில்லை.

பிறகு ஒத்திகை.
கூடையோடு ஓட்டோவில்
வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைப் பாலம்வரை,
உடனே திரும்பி வீட்டுக்கு.
காலி வீதி முழுக்கக் கத்தினாள்.
சாரதி கண்ணாடியில் பார்த்து
"மருந்துக்கோ?" என்றார்.
"இல்லை, சும்மா" என்றேன்.
மீற்றருக்கு மேல் ஒரு சதமும் கேட்கவில்லை அவர்.
இரங்கியது எங்கள் இருவரில் யாருக்கென்று தெரியவில்லை.

விடுதி பொறலஸ்கமுவவில்.
மேல்தட்டுக் கூண்டு, நாய்களுக்கு மறுபக்கம்:
கேட்டு வாங்கியது.
அவளுடைய மணலில் இரண்டு பிடி கொண்டுபோனேன்,
கழுவாத என் தலையணை உறை,
அவள் கீறிக் கீறி நாராக்கிய சாக்குத் துண்டு.
கடற்கரைக் கோச்சியைக் கொண்டுபோக முடியவில்லை.
நாளுக்கு நாற்பது தரம் ஜன்னல் அதிர வளர்ந்தவள்
அதிராத இடத்தில் எப்படி நித்திரை கொள்வாள்?

படிவத்தில் ஒரு கேள்வி:
எப்படிக் கூப்பிட்டால் வருவாள்?

இமேஷாவுக்குத் தமிழ் தெரியாது.
என் சிங்களம் அலுவலகச் சிங்களம்.
வட்டி, மீதி, கையொப்பம்.
கொஞ்சுவதற்குக் காணாது.
நான் சொல்லச் சொல்ல அவள்
சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டாள்:
இஞ்ச வா.
காணும்.
படு, ராசாத்தி.
ழகரம் இல்லாத சொற்களாய்ப் பார்த்துக் கொடுத்தேன்.
வாய்விட்டு வாசித்தாள்.
கூடைக்குள் ஒரு காது திரும்பியது.

நின்று பார்க்க வேண்டாம் என்று கையால் காட்டினாள்.
செருப்பைத் தேடும் சாட்டில்
இன்னும் இரண்டு நிமிடம் நின்றேன்.

இரவு ஒன்பதுக்கு ஒரு படம் வரும்.
முதல் நாள், தலையணை உறையின் கீழ் ஒரு மேடு.
இரண்டாம் நாள் அதே மேடு. கிண்ணம் வைத்தபடி.
மூன்றாம் நாள் வங்கியின் பின்வாசலில் நின்று
கைபேசிக்குள் "சாப்பிடு ராசாத்தி" என்று பேசி அனுப்பினேன்.
முகாமையாளர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலப் போனார்.
நான்காம் நாள் மேடு இல்லை.
கிண்ணமும் வெறுமை.
அன்று பேரேட்டில் நாலாயிரம் ரூபா உதைத்தபோதும்
எனக்குக் கோபம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள்
"இஞ்ச வா" என்றேன்.
முதுகைக் காட்டியபடி இருந்தாள்.
இன்னொரு தரம் சொன்னேன்.
என் பின்னால் நின்ற இமேஷா மெதுவாக
"என்ன" என்றாள்.
கறுவா எழும்பி, முதுகை நெளித்து, வந்தாள்.

சிங்களத்தில் என்ன என்றால் வா.
என் மூன்று சொல்லும் போதாத ஏதோ ஒரு ராத்திரியில்
அவள் தன் சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.
ரசீதில் அது இல்லை.

இப்போது வீட்டில்
அம்மா தொலைபேசியில் எதையோ கேட்க,
கோச்சி போகும் சத்தத்தில் நான் "என்ன?" என்றால்
கட்டிலுக்கடியிலிருந்து ஓடி வருகிறாள்.
மின்சார பில்லைப் பிரித்து "என்ன இது" என்றால்
வருகிறாள்.
பாதி நித்திரையில், யாரையும் கேட்காமல்,
என்ன என்று நான் முனகினாலும்
இருட்டில் மெத்தை ஒரு பக்கம் அமிழ்கிறது.

ஒவ்வொரு முறையும் நெத்தலி கொடுக்கக் கட்டாது.
கூடை இன்னும் ஹோலில்தான், கதவில்லாமல்.